துளைக்குள் விட்ட ஒற்றைப் பல்: ஜார்ஜ் வாஷிங்டனின் பல் செட்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளி

ஆண், வயது 57. உயரமான, கட்டுறுதியான உடல். தொழில் பண்ணை, அதற்கு முன் படைத்தலைவர். மேல்தாடையில் ஒரு பல்லும் இல்லை. கீழ்த்தாடையில் இடப்பக்க முன்கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் மிச்சம். 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக ஜார்ஜ் வாஷிங்டன் உறுதிமொழி எடுத்தபோது அவர் வாயின் நிலவரம் இதுதான்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வாயை இப்போது திறந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவருக்குப் பல் ஒவ்வொன்றாக விழுந்து, பகுதிப் பல்லிழப்பு முழுப் பல்லிழப்பாக முடிந்த பாதை முழுவதும் எழுத்தில் கிடைப்பது அரிது. இன்றைய நோயாளிகள் நான்கு மருத்துவர்களிடம் பல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். முதல் மூவர் என்ன செய்தார்கள் என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. வாஷிங்டன் அப்படியல்ல. செலவுக் கணக்கை எழுதி வைத்தார், நாட்குறிப்பு எழுதினார், பல் மருத்துவர்களுக்கு எழுதிய கடிதங்கள் தப்பியிருக்கின்றன, வாயில் போட்டிருந்த செட்டுகளில் சிலவும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒரு சிகிச்சை எங்கே சறுக்கியது என்று விரல் வைத்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல கோப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மரப்பல் கதையை இங்கேயே முடித்துவிடலாம். வாஷிங்டன் மரத்தால் ஆன பல் செட் அணிந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. கிடைத்திருப்பவை தந்தம், மனிதப் பல், விலங்குப் பல், ஈயம், தங்கம், பித்தளை. தந்தத்தில் நாளடைவில் விழும் மெல்லிய கீறல்களில் கறை ஏறினால் பார்ப்பதற்கு மரத்தின் ரேகை போலவே இருக்கும். வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

பல் போன வரலாறு

கணக்குப் புத்தகத்தின்படி முதல் பல் 1756-இல் பிடுங்கப்பட்டது. வயது 24, கூலி 5 ஷில்லிங். அங்கிருந்து 1789 வரை எண்ணினால் 33 ஆண்டுகள்; கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒரு பல் என்ற விகிதத்தில் வாய் காலியாகியிருக்கிறது. ஏதோ ஒரு விபத்திலோ ஒரு காய்ச்சலிலோ கொட்டிய பற்கள் அல்ல. சொத்தையும் ஈறு நோயும் சேர்ந்து, அவ்வப்போது வலி எடுக்க, வலிக்கும் பல்லைப் பிடுங்க, இப்படியே போயிருக்கிறது.

காரணம் பற்றிப் பல கருத்துகள். சிறுவயதில் கொட்டைகளைப் பல்லால் உடைத்ததே காரணம் என்று வாஷிங்டன் சொன்னதாக, அவருடைய துணைத் தலைவராக இருந்த ஜான் ஆடம்ஸ் குறித்திருக்கிறார். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்ட கலோமெல் என்ற பாதரச மருந்தைச் சிலர் குற்றம் சாட்டுகிறார்கள். பாதரசம் ஈறுகளைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அசட்டையைக் குற்றம் சொல்ல முடியாது. பல் துலக்கும் தூரிகைகள், பற்பொடி, வெள்ளைப்போள டிங்சர் என்று லண்டனிலிருந்து தொடர்ந்து தருவித்தவர் அவர். துலக்கிக்கொண்டே பல்லை இழந்தார் என்பதைப் படிக்கும்போது, நோயாளியைப் பார்த்து “சரியாகத் துலக்கவில்லையா?” என்று கேட்கும் நம் வழக்கத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் கட்டம்: கம்பி

1781-இல் வாஷிங்டனுக்கு இன்னும் கொஞ்சம் பற்கள் இருந்தன. போன பற்களின் இடத்தில் செயற்கைப் பற்களை வைத்து, இருக்கும் பற்களோடு கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில், பிரிட்டிஷாருக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரின் படை முகாமிலிருந்து பிலடெல்பியாவில் இருந்த பல் மருத்துவர் ஜான் பேக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பற்களின் கம்பியை முறுக்கி இறுக்குவதற்கு ஒரு குறடு ஏற்கெனவே கேட்டிருந்ததை நினைவூட்டி, பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றும் அனுப்பச் சொன்னார். தான் பிலடெல்பியாவுக்கு விரைவில் வருவதற்கு வாய்ப்பு இல்லை என்றும் எழுதினார். கடிதம் பேக்கரிடம் போய்ச் சேரவில்லை. வழியில் பிரிட்டிஷார் தபாலைப் பறித்துவிட்டார்கள். அது பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டனின் காகிதங்களோடு சேர்ந்து இன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளமென்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. தெற்கே நகரும் எண்ணம் வாஷிங்டனுக்கு இல்லை என்று கிளின்டன் நம்புவதற்கு இந்தப் பல் கடிதமும் துணைபோயிருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தெற்கே யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை அவரிடம் சரணடைந்தது.

ராணுவச் சுவை ஒருபுறம் இருக்கட்டும். பல் மருத்துவராக எனக்கு அந்தக் குறடுதான் முக்கியம். நோயாளி தானே கம்பியை இறுக்கிக்கொள்கிறார் என்றால் கம்பி அடிக்கடி தளர்கிறது என்று பொருள். கம்பி தானாகத் தளராது. அது சுற்றியிருக்கும் பல் அசைகிறது. அசையும் பல்லில் கம்பியை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? கம்பி பல்லின் கழுத்தை நோக்கி வழுக்கி இறங்கி ஈற்றின் ஓரத்தில் உட்காரும். உணவும் அழுக்கும் அங்கே தங்கும், ஈறு வீங்கும், எலும்பு இறங்கும், பல் இன்னும் அசையும், மறுபடியும் குறடு. சுரண்டும் கருவியையும் சேர்த்துக் கேட்டது நோயாளியின் நல்ல அறிவைக் காட்டுகிறது. ஆனால் நிலைத்துக் கட்டிய கம்பியின் அடியில் அந்தக் கருவியால் எவ்வளவு தூரம் போக முடியும்?

1782 கிறிஸ்துமஸ் அன்று நியூபர்க் முகாமிலிருந்து தன் மவுண்ட் வெர்னன் பண்ணையைக் கவனித்துக்கொண்டிருந்த உறவினர் லண்ட் வாஷிங்டனுக்கு இன்னொரு கடிதம். தன் எழுதுமேசையின் இழுப்பறையில் இரண்டு சிறிய முன்பற்கள் இருக்கும், அவற்றைப் பத்திரமாகச் சுற்றி அனுப்பு என்கிறார். அங்கேதான் வைத்தேன், நிச்சயமாகத் தெரியும் என்றும் சொல்கிறார். உதிரிப் பற்களை மேசையில் சேமித்து வைத்திருந்த ஒருவருக்கு, கட்டிய பல் விழுவது ஒரு வியப்பாகவே இருந்திருக்காது.

இடைக் கட்டம்: வாங்கிய பற்கள்

போர் முடிந்ததும் ஜான் பியர் லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் வருகிறார். ஒருவர் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கி உடனே இன்னொருவர் வாயில் நடும் முறைக்குப் பெயர் பெற்றவர். நியூயார்க் செய்தித்தாள்களில், முன்பல் விற்க முன்வருவோருக்குப் பல்லுக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங், தருவதாக விளம்பரம் செய்தவர். பல் நடுவதில் தமக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது என்று வாஷிங்டன் 1784 பிப்ரவரியில் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனாலும் அதே ஆண்டு மே மாதத்தில் மவுண்ட் வெர்னன் கணக்கில் ஒரு வரி இருக்கிறது: டாக்டர் லெ மேயர் கணக்கில் 9 பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்குக் கொடுத்தது 6 பவுண்டு 2 ஷில்லிங். பல்லுக்கு 14 ஷில்லிங்கூட இல்லை; விளம்பரத்தில் சொன்ன விலையின் பக்கத்திலேயே வரவில்லை. விற்றவர்கள் அந்தப் பண்ணையின் அடிமைகள். மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் பணம் கொடுத்துப் பல் வாங்குவதை விற்பனை என்று எழுதிவைப்பது கணக்குப் புத்தகத்தின் வசதி மட்டுமே. பல் மருத்துவ வரலாற்று நூல்கள் பல இந்த வரியை ஒரு வேடிக்கைத் தகவலாகக் கடந்துபோகின்றன. எனக்கு அது, இந்த நோயாளிக் கோப்பில் பெயர் இல்லாத ஒன்பது பற்களின் பிடுங்கல் குறிப்பு.

இறுதிக் கட்டம்: துளை

1789-இல் நியூயார்க் பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் புதிய செட் செய்தார். போரில் சிறுவனாகப் புல்லாங்குழல் வாசித்துப் போனவர், கையால் நுட்பமாகச் செதுக்கத் தெரிந்தவர். நீர்யானைத் தந்தத்தைக் குடைந்து அடித்தளம் செய்தார். மனிதப் பற்களைத் தங்க ஆணிகளால் அதில் பொருத்தினார். மேல் செட்டையும் கீழ் செட்டையும் ஸ்பிரிங்குகள் இணைத்தன. கீழ் அடித்தளத்தின் இடப்பக்கத்தில் ஒரு துளை. மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பல் அந்தத் துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். செட் அதைச் சுற்றிக்கொண்டு நிற்கும். இந்தக் கீழ் செட் இன்று நியூயார்க் மருத்துவ அகாதெமியில் இருக்கிறது. தன் கைவேலை என்பதைக் கிரீன்வுட் பெருமையோடு அதன்மேல் எழுதியும் வைத்திருக்கிறார்.

கைவேலை என்ற அளவில் அது பெருமைப்பட வேண்டியதுதான். சிகிச்சை என்ற அளவில் எப்படி?

முதலில் ஸ்பிரிங்குகள். அவை மேல் செட்டை மேல்நோக்கியும் கீழ் செட்டைக் கீழ்நோக்கியும் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் செட் கீழே விழாமல் இருப்பதற்கு அன்று அது ஒன்றே வழி. பிரான்ஸில் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலிலேயே ஸ்பிரிங் செட் விளக்கப்பட்டுவிட்டது. ஈற்றோடு நன்றாகப் பொருந்தும் தட்டு காற்றழுத்தத்தாலும் எச்சிலாலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதை பிலடெல்பியாவின் ஜேம்ஸ் கார்டெட் கவனித்தது 1800-ஐ ஒட்டித்தான். ஆகவே வாஷிங்டன் வாயை மூடி வைத்திருக்க வேண்டுமானால் தசைகளால் அந்த ஸ்பிரிங்குகளை எதிர்த்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பேசினாலும் சும்மா இருந்தாலும் கீழ் செட்டின் மேல் ஓயாத பாரம். அந்தப் பாரத்தின் ஒரு பகுதி, துளைக்குள் நின்ற பல்லுக்குப் போனது.

இப்போது அந்தத் துளை. ஈறு மேட்டை மூடிய சதை அழுத்தினால் அமுங்கும். ஆரோக்கியமான பல் தன் குழிக்குள் நகர்வது மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான். சதை அதைப்போலப் பல மடங்கு அமுங்கும். ஒரு செட்டின் பெரும்பகுதி சதைமேல் உட்கார்ந்து, ஒரு முனை பல்லைப் பிடித்திருந்தால், ஒவ்வொரு கடியிலும் செட் அந்தப் பல்லைச் சுற்றிச் சாயும், திருகும். அந்தப் பல் அங்கே ஆதாரம் அல்ல, அச்சாணி. மாடு கட்டிய முளைக்குச்சி மாட்டைத் தாங்குவதில்லை. மாடு நாள் முழுவதும் இழுத்து அதைப் பிடுங்கப் பார்க்கிறது. துளைக்குள் நின்ற பல்லுக்கும் அதே வேலை. பல்லின் முழு உயரமும் நெம்புகோலின் கைப்பிடியாக வேலை செய்தது. துளையின் ஓரம் ஈற்றோடு ஒட்டி நின்றதால் பல்லைச் சுற்றி அழுக்கு தங்குவதற்கு ஒரு மூடிய வளையமும் கிடைத்தது.

இது வெறும் ஊகம் அல்ல. 1790 ஜனவரியில், செட் செய்து ஓராண்டு முடிவதற்குள், நாட்குறிப்பில் பல்வலியும் வீங்கிச் சிவந்த ஈறும் தொல்லை தருவதாக எழுதுகிறார். வாயில் இருந்தது ஒரே பல். எந்தப் பல் வலித்தது என்று கேட்கத் தேவையில்லை. தாங்கு பல்லைச் சுற்றி ஈறு வீக்கம், வலி: கழற்றி மாட்டும் செட் போட்ட நோயாளி இன்று நம்மிடம் இந்தக் குறையோடு வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது செட்டைத்தான்.

1796-இல் அந்தப் பல்லையும் கிரீன்வுட் பிடுங்கினார். அதை அவரே நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார். அதுவும் இன்று நியூயார்க் மருத்துவ அகாதெமியில் உள்ளது. அதே ஆண்டில்தான் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்தார், ஒரு டாலர் நோட்டில் நாம் பார்க்கும் முகத்துக்கு மூலமான ஓவியத்தை. அந்த இறுகிய உதடுகளையும் உப்பிய வாய்ப்பகுதியையும் பார்த்து அவருடைய மன உறுதியைப் புகழ்ந்தவர்கள் உண்டு. பல் மருத்துவர் கண்ணுக்கு அது ஸ்பிரிங் செட் போட்டவரின் வாய்.

நோயாளியின் சாட்சியம்

செட்டின் தரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சிறந்த மதிப்பீடு மருத்துவருடையது அல்ல, நோயாளியுடையது. 1797 ஜனவரியில் கிரீன்வுட்டுக்கு எழுதுகிறார்: செட்டின் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இரண்டு மூன்று விழுந்தேவிட்டன, பழுது பார்க்க முடியுமானால் பாருங்கள், இல்லையேல் மாற்றுங்கள். இப்போது போட்டிருக்கும் வேறு செட் வாயில் சிரமமாக இருக்கிறது, உதடுகள் வீங்கியதுபோல் வெளியே தள்ளுகிறது. பற்கள் விழுந்ததற்கு அவரே காரணமும் சொல்கிறார்: பல்லின் வேர்ப்பகுதி உட்கார்வதற்குச் சரியான குழி இல்லை, எச்சில் பட்டு அந்தப் பகுதி மென்மையாகிவிடுகிறது.

1798 டிசம்பரில் எழுதிய கடிதம் இன்னும் கூர்மையானது. பற்கள் நேராக இருக்கின்றனவா, சற்று உள்ளே சாய்ந்தா, வெளியே வளைந்தா என்பது முக்கியமில்லை. உதட்டை உப்ப வைப்பது மேலும் கீழும் உள்ள சட்டங்கள்தான் என்று, படம் போட்டுக் காட்டி, மேல் சட்டத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொல்கிறார். நில அளவையாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லவா, தன் வாயையும் அளந்துவிட்டார். அடித்தளத்தின் உதட்டுப் பக்கம் தடித்துவிட்டது என்பதே அவர் சொல்வதன் சாரம். “புதுசுதானே, பழகிவிடும்” என்ற ஒரே பதிலால் நோயாளிகளை அனுப்பிவைக்கும் இன்றைய மருத்துவர்கள் இந்தக் கடிதத்தை ஒரு முறை படிக்கலாம். நோயாளிகள் தங்கள் வாயைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைத் தொழில்நுட்பச் சொற்களுக்கு மாற்றிக்கொள்வது நம் வேலை.

கிரீன்வுட் அதே மாதம் பதில் அனுப்பினார். செட் மிகவும் கறுத்திருக்கிறது. போர்ட் ஒயினில் ஊறவைத்ததாலோ அதைக் குடித்ததாலோ இருக்கலாம், புளிப்பு மெருகை அரித்துவிடும் என்றார். சாப்பிட்ட பிறகு கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போட்டுவிட்டு வேறு செட் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தூரிகையும் நன்றாகச் சுரண்டிய சுண்ணக்கட்டித் தூளும் கொண்டு துலக்குங்கள் என்றார். 15 டாலர் கட்டணம். சுண்ணக்கட்டியை நீக்கிவிட்டால் இன்றும் அதே அறிவுரைதான்.

எந்த அளவுகோலில் அளப்பது

கிரீன்வுட்டைக் குறை சொல்வது எளிது, நியாயமாக இருக்காது. வாயை மெழுகில் அச்செடுத்து மாதிரி வார்க்கும் முறையை ஜெர்மனியில் ஃபிலிப் ஃபாஃப் 1756-இலேயே எழுதியிருந்தாலும், தந்தத்தைச் செதுக்கி வாய்க்குள் வைத்துப் பார்த்து மீண்டும் செதுக்குவதே அன்றைய நடைமுறை. செட்டின் அடித்தளம் செய்ய உதவும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் 1937-ஐ ஒட்டித்தான் வந்தது. கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையின் வார்ப்பும் அதே காலத்தில்தான். பல் இல்லாத இடங்களை வகைப்படுத்தும் எட்வர்ட் கென்னடியின் முறை 1925-ஐச் சேர்ந்தது. அந்த முறையில் வாஷிங்டனின் கீழ்த்தாடை, இரு பக்கமும் பின்னால் பல் இல்லாத முதல் வகைக்குப் போகும். ஒற்றைப் பல்லோடு நிற்பவரை வகைப்படுத்தி என்ன பயன் என்பது வேறு கேள்வி.

கிரீன்வுட்டின் செட்டை இன்றைய செட்டோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. பொருளில் நாம் வென்றுவிட்டோம், அதில் பேச ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது, அந்தத் துளையை இன்னும் செய்துகொண்டிருக்கிறோமா என்பதுதான்.

செய்துகொண்டிருக்கிறோம். நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் மலிவான பகுதிச் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: அக்ரிலிக் தட்டு, இரண்டு கம்பிக் கொக்கிகள், மூன்று பற்கள். கொக்கி பல்லைப் பிடிக்கிறது. ஆனால் பல்லின் மேல் உட்காரும் தாங்கி எதுவும் இல்லை. மெல்லும்போது தட்டு முழுவதும் சதைக்குள் இறங்கும், கொக்கியும் கூடவே பல்லின் பக்கமாக வழுக்கி ஈற்றின் ஓரத்தை அரிக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஈறு உரிப்பான் என்று பொருள்படும் ஒரு செல்லப் பெயரே உண்டு. முன்பல் ஒன்றுக்கான தற்காலிகச் செட்டாக, ஈறு ஆறும் வரை சில மாதம் போட இது தப்பில்லை. பத்தாண்டு போட்டால் கம்பி பிடித்திருந்த பல்லும் செட்டில் ஏறிவிடும். செட்டின் பற்கள் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போவதை நோயாளிகள் வயதானதன் இயல்பு என்றே நினைக்கிறார்கள்.

நல்ல பகுதிச் செட் முதலில் பாரத்தைப் பல்லின் அச்சு நெடுக இறக்க வேண்டும். அதற்குத்தான் தாங்கு பல்லின் மேல்பரப்பில் எனாமலுக்குள் சிறு குழி செதுக்கி, அதில் உலோகத் தாங்கி அமரும்படி வார்க்கிறோம். கொக்கியின் வேலை பாரம் சுமப்பதல்ல, செட் மேலே எழாமல் பிடிப்பது மட்டும். கோபால்ட் குரோமியக் கொக்கி பல்லின் புடைப்புக்குக் கீழே கால் மில்லிமீட்டர் உள்ளே போனால் போதும்; அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பல்லை இழுக்கும். அந்தக் கால் மில்லிமீட்டரை அளக்க ஒரு கருவி உண்டு, மாதிரியைச் சாய்த்து வைத்து அளக்கும் சர்வேயர். பல் மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் தொட்டிருப்பார்கள். வெளியே வந்தபின் பலர் தொடுவதில்லை. அச்சை எடுத்து லேபுக்கு அனுப்பி, “ஒரு செட் செய்யுங்கள்” என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். நோயாளியின் ஈறு எப்படி இருக்கிறது, எந்தப் பல் எவ்வளவு அசைகிறது என்பதைப் பார்க்காத டெக்னீஷியன் அங்கே வடிவமைப்பை முடிவு செய்கிறார். இது நம் ஊரின் பழக்கம் மட்டுமல்ல. பல் மருத்துவம் முன்னேறிய நாடுகளிலும் இதே புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது.

பின்பக்கம் முழுவதும் பல் இல்லாத முதல் வகை வாய்தான் உண்மையான சோதனை. அங்கே செட்டின் பின்முனை சதையை நம்பியே இருக்கும். சாய்வதை முழுவதும் நிறுத்த முடியாது. அச்சாணியை எங்கே வைப்பது என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 1960-களில் கிராட்டோச்வில் என்ற பல் மருத்துவரும், பின்னர் 1970-களில் குரோல் என்பவரும் தாங்கியைப் பல்லின் முன்பக்கத்துக்கு நகர்த்தி, கொக்கியை ஈற்றின் பக்கத்திலிருந்து குத்தென வரும் சிறு கம்பியாக மாற்றியதற்கு இதுவே காரணம். செட் சதைக்குள் இறங்கும்போது கொக்கி பல்லை விட்டு விலகும், இழுக்காது. எளிய மாற்றம்; ஆனால் செட் சாயப்போகிறது என்று முதலிலேயே ஒப்புக்கொள்பவருக்குத்தான் அது தோன்றும்.

சில சமயம் நல்ல சிகிச்சை என்பது செட்டே செய்யாமல் விடுவது. நெதர்லாந்தின் நைமேகனில் பல் மருத்துவர் ஆர்ன்ட் கைசர் 1981-இல் எழுதியதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்: முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நல்ல நிலையில் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தால், பின்னால் கடைவாய்ப் பல் இல்லாமலேயே பெரும்பாலோர் நன்றாகவே சாப்பிடுகிறார்கள். பின்பக்கம் போன இரண்டு பற்களுக்காக, இருக்கும் பற்களில் கொக்கி மாட்டிச் செட் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதைச் சொன்னால் நோயாளி கொஞ்சம் ஏமாற்றத்தோடு எழுந்து போவார். போகட்டும்.

அந்த ஒற்றைப் பல்லுக்கு இன்று

வாஷிங்டன் 1789 மார்ச்சில் நம் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்போம்? முதலில் ஈற்றைச் சரிசெய்து, அந்தப் பல்லைச் சுற்றி ஈறு விலகி உண்டான பை எவ்வளவு ஆழம் என்று அளந்து, எலும்பு எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்ரேயில் பார்ப்போம். வேரில் பாதிக்குமேல் எலும்பு பிடித்திருந்தால் பிடுங்கமாட்டோம். வேர் சிகிச்சை செய்து, மேல் பகுதியை ஈற்றுக்குமேல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்து, குமிழ்போல் மழித்து விடுவோம். செட் அதன்மேல் மூடி உட்காரும். கிரீன்வுட் துளையிட்டு வெளியே விட்ட பல்லை நாம் அடியில் வைக்கிறோம். நெம்புகோலின் கைப்பிடி போய்விட்டது. பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. பல்லைச் சுற்றி நோயாளி தூரிகையால் சுத்தம் செய்ய முடிகிறது.

இதன் பயன் அந்தப் பல்லோடு நிற்பதில்லை. 1978-இல் கிரம்மும் ரூனியும் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வில், கீழ்த்தாடையில் இரண்டு கோரைப் பற்களின் வேர்களை விட்டுவைத்து மூடிய செட் போட்டவர்களுக்கு முன்பக்க எலும்பு சராசரி 0.6 மில்லிமீட்டர் இறங்கியது; எல்லாப் பல்லையும் பிடுங்கிச் செட் போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். டால்கிரென் 1972-இல் வெளியிட்ட 25 ஆண்டுக்காலப் பதிவுகளின்படி, முழுச் செட் போட்டவர்களுக்குக் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது. கீழ் செட்தான் எப்போதும் நோயாளிகளைப் படுத்துகிறது என்பதற்கும், வாஷிங்டனின் பிற்காலச் செட்டுகள் ஏன் மேலும் மேலும் பொருந்தாமல் போயின என்பதற்கும் இது பெரிய விளக்கம். 1796-இல் கடைசிப் பல் போனதும் எலும்பு கரையும் வேகத்தைத் தடுக்க எதுவும் இல்லை. 1797, 1798 கடிதங்களின் புகார்கள் அதற்குப் பிறகுதான் குவிகின்றன. மவுண்ட் வெர்னனில் உள்ள ஈய அடித்தள முழுச் செட், மனிதப் பல்லும் பசு, குதிரைப் பற்களும் சேர்த்துக் கட்டியது, பல்லே இல்லாத வாய்க்கானது.

அந்தப் பல் காப்பாற்ற முடியாததாக இருந்தால், கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் எலும்புக்குள் இரண்டு செயற்கை வேர்களை, அதாவது இம்ப்ளான்ட்டுகளை, வைத்து அவற்றின்மேல் செட்டைப் பூட்டுவோம். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். பணம் உள்ளவருக்கு அது நல்ல வழி. செலவு செய்ய முடியாதவருக்கு, பிடுங்காமல் வைத்த ஒரு வேர் இம்ப்ளான்ட் செய்யும் வேலையில் பெரும்பங்கைக் குறைந்த செலவில் செய்யும். பிடுங்கும் முன் இதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

பின்தொடர்தல்

இன்றைய வாஷிங்டனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வோம். வந்தால் செட்டை முதலில் பார்க்கமாட்டோம். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூடப்பட்ட வேரைச் சுற்றி ஈறு ரத்தம் கசிகிறதா, அதில் சொத்தை தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த முறையின் பெரிய பலவீனம் அதுதான். வேருக்கு ஃபுளோரைடு ஜெல் தினமும். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். இதில் கிரீன்வுட்டோடு முழு உடன்பாடு, போர்ட் ஒயின் விஷயத்திலும்கூட. பிறகு செட்டின் பின்முனையை விரலால் அழுத்திப் பார்ப்போம். முன்முனை எழுந்தால் அடியில் எலும்பு இறங்கிவிட்டது என்று பொருள். அடித்தளத்தை மறுபடி வார்த்துப் பொருத்த வேண்டும். செட்டில் எதுவும் உடையவில்லை, வலியும் இல்லை என்று நோயாளி சொன்னாலும் இந்த அழுத்திப் பார்ப்பதை விடக் கூடாது. செட் சாய்வதை வாய் பொறுத்துக்கொள்ளும். தாங்கு பல் பொறுத்துக்கொள்ளாது, சொல்லவும் செய்யாது.